"எத்தனை பர்சென்ட் அடைப்பு?" என்று கேட்கும் நாள் வருவதற்கு முன்: இதய நோய் அபாயத்தைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோவில்பட்டியில் மருந்துக்கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நான் டாக்டர் இல்லை, பி.பார்ம் படித்தவன். ஆனால் எங்கள் தெருவில் யார் பிபி மாத்திரையை மாதா மாதம் ஒழுங்காக வாங்குகிறார்கள், யார் ஒரு அட்டை வாங்கிவிட்டு மூன்று மாதம் காணாமல் போகிறார்கள் என்பது டாக்டரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, மணி பத்தேகால். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர், ஐம்பது வயசு இருக்கும், வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். "அண்ணாச்சி, சாயங்காலம் புரோட்டா சாப்பிட்டேன், அதுல இருந்து நெஞ்சு கரிக்கி. கேஸ் மாத்திரை ரெண்டு குடுங்க." அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. மே மாதம், எல்லாருக்கும்தான் வேர்க்கிறது என்று நினைத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பம்பிங் 35 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்றைக்கும் மாத்திரைக்கு என் கடைக்குத்தான் வருகிறார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் படித்ததும், கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்ததும்தான் கீழே இருப்பது.

படி 1: "அடைப்பு" என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்

நம் ஊரில் இதய நோய் என்றாலே ஒரே கேள்விதான்: எத்தனை பர்சென்ட் அடைப்பு? மாரடைப்பு என்ற பெயரிலேயே அடைப்பு உட்கார்ந்திருக்கிறது. அதனால் சாக்கடைக் குழாயில் மண் சேர்வதுபோல ரத்தக்குழாயில் கொழுப்பு சேர்ந்து, கடைசியில் ஒருநாள் முழுசாக அடைத்துக்கொள்கிறது என்று மனசுக்குள் ஒரு படம் ஓடுகிறது.

நடப்பது வேறு. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு, குழாயின் உள்சுவருக்குள் நுழைந்து தங்குகிறது. அந்த இடம் அழற்சி கண்டு, தோலில் சீழ்க்கட்டி வருவதுபோல உள்ளே ஒரு கட்டி உருவாகிறது. மேலே மெல்லிய மூடி, உள்ளே கூழ். வருஷக்கணக்கில் ஒரு தொந்தரவும் தராது. என்றைக்கோ அந்த மூடி கிழிகிறது. காயம் பட்டால் ரத்தம் உறைவதுதானே அதன் குணம்? கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நிமிஷத்தில் குழாய் மூடிக்கொள்கிறது. பெரும்பாலான மாரடைப்பு இப்படித்தான் வருகிறது.

கவனிக்க வேண்டியது இதுதான்: கிழிகிற கட்டி பெரிதாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 30, 40 சதவீதம் மட்டும் குழாயைக் குறுக்கிய கட்டிகூடக் கிழியலாம். டிரெட்மில் டெஸ்ட் கண்டுபிடிப்பது பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் குறுகிய இடங்களைத்தான். ஓய்வில் எடுக்கும் இசிஜி அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். "போன மாசம்தான் மாஸ்டர் செக்கப் பண்ணினார், எல்லாம் நார்மல்னு சொன்னாங்க, எப்படி அட்டாக் வந்துச்சு?" என்று துக்க வீட்டில் கேட்கிறார்களே, பதில் இதுதான். பரிசோதனை பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் கேட்ட கேள்வி வேறு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கட்டியை வளர்க்கிற காரணங்களை. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் ஐயாயிரத்துச் சொச்சம் பேரைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். புகை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் என்று இன்றைக்கு நாம் சாதாரணமாகப் பேசுகிற காரணங்கள் அங்கிருந்துதான் தெளிவாயின. பிறகு 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பின் அபாயத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை ஒன்பது விஷயங்களே விளக்கிவிடுகின்றன என்று காட்டியது: புகை, கெட்ட கொழுப்பின் விகிதம், பிபி, சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி போதாமை, உடலசைவு இல்லாமை, மதுப் பழக்கம். அதே ஆய்விலிருந்து நம்மைச் சுடும் இன்னொரு தகவல்: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 59ஐ ஒட்டி. மகள் கல்யாணமும் மகன் படிப்பும் பாதியில் நிற்கிற வயசு அது.

படி 2: ஒரு நோட்டுப் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் குடும்பக் கதை. அப்பா அல்லது கூடப்பிறந்த ஆணுக்கு 55 வயசுக்கு முன்பும், அம்மா அல்லது கூடப்பிறந்த பெண்ணுக்கு 65க்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால் உங்கள் கணக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் தொடங்குகிறது. "தாத்தா தூக்கத்திலேயே போயிட்டார், நல்ல சாவு" என்று சொல்லிப் பழகிய சாவுகளையும் வயசோடு எழுதுங்கள்.

பெண்கள் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பிபி ஏறியதா, சர்க்கரை வந்ததா? பிரசவத்தோடு அது சரியாகிவிட்டது என்று அந்தக் கர்ப்பகால நோட்டை மூட்டை கட்டிவிடுகிறோம். ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இருந்த பாதுகாப்பும் குறைகிறது. அக்காமார்கள் வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்க வருவார்கள். தங்களுக்கு பிபி பார்த்து எத்தனை வருஷம் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அடுத்து, இஞ்ச் டேப் எடுத்து இடுப்பை அளந்து எழுதுங்கள். பேன்ட் சைஸ் 34 என்று சொல்லாதீர்கள். நாம் பேன்ட்டும் வேட்டியும் கட்டுவது தொப்பைக்குக் கீழே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனம் தேவை. கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் பானைபோல இருக்கிற உடம்புதான் நம் ஊரில் அதிகம். தராசு அதைக் காட்டிக்கொடுக்காது.

படி 3: பிபியைச் சரியாக அளக்கப் பழகுங்கள்

கடைக்கு வேகமாக சைக்கிள் மிதித்து வந்து, நின்றுகொண்டே சட்டைக் கையின்மேல் பட்டையைக் கட்டச் சொல்வார்கள். 160 காட்டும். பயந்துபோய் ஒரு மாத்திரை கேட்பார்கள். இன்னொருவருக்கு உண்மையிலேயே 160 இருக்கும். "வெயில்ல வந்தேன், அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

வீட்டில் அளப்பதுதான் நல்லது. மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காபி, பீடி, நடை எதுவும் முன் அரைமணி நேரத்தில் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் படிய, ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில். பட்டை வெறும் தோலின்மேல். அளக்கும்போது பேச்சு கூடாது, டிவி சீரியலும் கூடாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலை, மாலை என்று ஒரு வாரம் செய்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டுச் சராசரி 135/85ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அளக்கும்போது 140/90 என்று சொல்வதற்கு இது சமம்.

மேல் எண் பத்துப் புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பத்துப் புள்ளி என்பது பலருக்கு ஒரே ஒரு மாத்திரை.

மருந்துக்கடைக்காரனாக ஒரு எச்சரிக்கை. மாத்திரை சாப்பிட்டும் பிபி குறையவில்லை என்றால், வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் எடுக்கும் டைக்ளோஃபினாக், ஐபூபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் பிபியை ஏற்றும். மூக்கடைப்புக்குச் சாப்பிடும் சளி மாத்திரைகள் சிலவும் ஏற்றும். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வயிற்றுப் பவுடரில் இருப்பது சோடியம். தொண்டைக்கு நல்லது என்று தினமும் அதிமதுரம் மென்றால் பிபி ஏறி, உடலில் பொட்டாசியம் குறையும். இதையெல்லாம் டாக்டர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

படி 4: லிப்பிட் ரிப்போர்ட்டை நீங்களே படியுங்கள்

லிப்பிட் என்றால் ரத்தத்தில் உள்ள கொழுப்பு. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருப்பது மட்டும்தான் கெடுதல் என்று நினைக்கிறோம். ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மொத்தக் கொலஸ்ட்ரால் 210, நல்ல கொழுப்பு என்று சொல்லும் ஹெச்டிஎல் 36, இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 240. பல லேப்களில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள்: மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 210-36-48 = 126. "எல்டிஎல் 126தானே, பார்டர்தான்" என்று ஆள் நிம்மதியாகப் போய்விடுவார்.

இப்போது இன்னொரு கழித்தல். 210-36 = 174. இதற்குப் பெயர் நான்-ஹெச்டிஎல். குழாய்ச் சுவருக்குள் நுழையக்கூடிய எல்லாக் கொழுப்புத் துகள்களையும் சேர்த்த கணக்கு இது. வேறு நோய் எதுவும் இல்லாதவருக்கே 130க்குக் கீழே இருக்க வேண்டியது. 174 என்றால் அதைவிட 44 கூடுதல். டிரைகிளிசரைடு அதிகம், ஹெச்டிஎல் குறைவு, எல்டிஎல் பார்க்கச் சாதுவாக இருப்பது என்ற இந்தக் கூட்டணிதான் நம்மவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. சர்க்கரையும் தொப்பையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ரிப்போர்ட்டில் நான்-ஹெச்டிஎல் இல்லாவிட்டால் நீங்களே கழித்து ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

எல்டிஎல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. பொதுவாக 100க்குக் கீழே. சர்க்கரையோடு வேறு காரணங்களும் சேர்ந்தவருக்கு 70க்குக் கீழே. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு 55க்குக் கீழே என்று இப்போது பல இதய மருத்துவர்கள் கேட்கிறார்கள். லேப் அச்சடித்திருக்கும் "நார்மல்" எல்லாருக்கும் பொதுவானது, உங்களுக்கானது இல்லை. ஹெச்டிஎல்லைக் கூட்ட மாத்திரை உண்டா என்று கேட்பவர்களும் உண்டு. மருந்து கொடுத்து அந்த எண்ணை ஏற்றிப் பார்த்துவிட்டார்கள். எண் ஏறியது, மாரடைப்பு குறையவில்லை.

வாழ்நாளில் ஒரே ஒருமுறை எடுக்க வேண்டிய பரிசோதனை ஒன்று இருக்கிறது: லைப்போபுரோட்டீன்(ஏ), எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புத் துகள். இது பிறப்பிலேயே முடிவாகிவிடுவது. சோற்றைக் குறைத்தாலும் நடந்தாலும் பெரிதாக மாறாது. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எல்லா எண்களிலும் கறாராக இருக்க வேண்டும் என்று பொருள். குடும்பத்தில் சின்ன வயசு மாரடைப்பு இருந்தால் இதைக் கேட்டு எடுங்கள்.

சர்க்கரைக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பாருங்கள், வெறும் வயிற்று அளவை மட்டும் நம்ப வேண்டாம். 5.7க்குக் கீழே நல்லது, 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. நடுவில் இருப்பதை "பார்டர்" என்று சொல்லி மறந்துவிடுகிறோம். தொப்பையைக் குறைத்தால் திரும்பி வரக்கூடிய காலம் அதுதான். 30 வயசு கடந்தவர்களுக்கு பிபியும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள்.

படி 5: அடுப்படி

உப்பிலிருந்து தொடங்குவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன். இதை அளந்து பார்க்க எளிய வழி, மளிகைச் சீட்டு. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்குத் தினம் 8 கிராமுக்கு மேல் ஆகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பிஸ்கட், ஓட்டல் சாம்பார் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. அந்தப் பாக்கெட்டை ஒன்றரை மாதத்துக்கு நீட்டுவது முதல் இலக்கு. தயிர்ச்சோற்றுக்கு உப்பு, அதன்மேல் ஊறுகாய், பக்கத்தில் மோர் மிளகாய் என்று மூன்று அடுக்கு போடுகிறோம், இரண்டை எடுத்துவிடுங்கள். மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். நான் சொல்வது அனுபவம். முதல் வாரம் என் வீட்டில் சண்டையே நடந்தது.

இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு: அதுவும் சோடியம் குளோரைடுதான், நிறம் மட்டும் ரோஸ். சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்த குறை சோடிய உப்பு வேறு. அது உண்மையிலேயே பிபியைக் குறைக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், ரேமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் செக்கா ரீஃபைண்டா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு இரண்டு லிட்டர், தீபாவளிப் பலகாரம் உட்பட. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் உறைகொழுப்பு (சாச்சுரேட்டட் கொழுப்பு) ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. பாமாயிலில் ஏறக்குறைய பாதி. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு. மரச்செக்கில் ஆட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது. சட்னிக்குத் தேங்காய் சேர்ப்பதற்கு நான் எதிரி இல்லை. தினமும் எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயிலேயே பொரித்துவிட்டு "இயற்கைதானே" என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. எண்ணெயை வனஸ்பதியாகக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இன்னும் மோசம். எண்ணெய், வனஸ்பதியில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2022 முதல் நாடு முழுக்க விதி இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து ஒரே எண்ணெயில் வடை போடும் சட்டிக்குள் எந்த விதியும் எட்டிப் பார்ப்பதில்லை. எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்திருந்தால் அந்தக் கடையில் டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சோறு. இங்கேதான் எல்லாரும் தோற்கிறார்கள். "சோத்தைக் குறைங்க" என்றால் குறைக்கிறார்கள், அந்த இடத்தில் எதையும் வைப்பதில்லை, நாலு மணிக்குப் பசித்து பஃப்ஸ் சாப்பிடுகிறார்கள். தட்டில் முதலில் பொரியலையும் கூட்டையும் பாதித் தட்டுக்கு வையுங்கள். அப்புறம் பருப்போ, முட்டையோ, மீனோ. மிச்சம் இருக்கும் கால் தட்டில் சோறு. அதே வரிசையில் சாப்பிடுங்கள். மீன் என்றால் மத்தி, அயிலை, நெத்திலி போதும். விலை மலிவு, இதயத்துக்கு நல்ல கொழுப்பு உள்ளவை, குழம்பில் போட்டது பொரித்ததைவிட மேல். சாயங்காலத்துக்குச் சுண்டல். ஒரு கைப்பிடி வேர்க்கடலை நல்ல தீனிதான். கடலை மிட்டாய் ஊர்க்காரனாக இருந்தும் சொல்கிறேன், வெல்லப்பாகு சேர்ந்தால் அது வேறு தீனி. சிறுதானியமும் மாவுச்சத்துதான். வரகரிசிச் சோற்றை மலைபோலக் குவித்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ராகியைக் கஞ்சியாகக் குடித்தால் களியைவிட வேகமாக ஏறும்.

மதுவைப் பற்றி ஒரே வரி: கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற பழைய பேச்சை நம்பி யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

படி 6: பீடியும் சிகரெட்டும்

"முன்னாடி ஒரு பாக்கெட், இப்ப நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி." குறைத்தது நல்லது. ஆனால் நுரையீரல் கணக்கும் இதயக் கணக்கும் ஒன்றில்லை. நாளைக்கு இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற இதய அபாயத்தில் ஏறக்குறைய பாதி, ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது. பீடி சின்னது, இலையில் சுற்றியது என்பதால் சலுகை கிடையாது. வாயில் அடக்கும் புகையிலைக்கும் கிடையாது. முழுசாக விட்டால் ஒரே வருஷத்தில் கூடுதல் அபாயம் பாதியாகக் குறைகிறது. மாத்திரையால்கூட இவ்வளவு பெரிய லாபம் வருவது அபூர்வம். 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும். மென்றுகொண்டே இருக்கக்கூடாது, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். விடுவதற்கு உதவ 1800 112 356 என்ற இலவச எண் இருக்கிறது.

படி 7: நடை, தூக்கம், மனசு

வாரம் 150 நிமிஷம் வேகநடை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். காய்கறி வாங்கப் போவதும் கடைக்குள் நடப்பதும் சேராது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை 2023 நவம்பரில் அரசு தொடங்கியது. அதுவரை போக முடியாவிட்டால் தெருவே போதும். சாப்பிட்டபின் பத்து நிமிஷம் நடப்பது சர்க்கரைக்குத் தனி உதவி. பத்து வருஷம் உட்கார்ந்தே இருந்தவர் முதல் நாளே ஜிம்மில் எடை தூக்கவோ, நண்பர்களோடு ஷட்டில் கோர்ட்டில் குதிக்கவோ வேண்டாம். படிப்படியாக ஏறுங்கள்.

பக்கத்து அறைக்குக் கேட்கிற குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் வண்டி ஓட்டும்போதே கண் சொக்குவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் பிபியை இறங்கவே விடாது. மன அழுத்தம் பற்றி யோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கடன் நெருக்கடியில் இருப்பவரிடம் "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்வதில் என்ன இருக்கிறது? பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

படி 8: மாத்திரை

"கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே?" கண்ணாடி போட்டால் கழற்ற முடியாதாமே என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டாட்டின் வகை மாத்திரை எல்டிஎல்லை ஏறக்குறைய 40 புள்ளி குறைத்தால் பெரிய இதய ஆபத்துகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஜப்பானில் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தது 1970களில். அந்த வகையில் முதல் மருந்து 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இத்தனை வருஷம் சோதிக்கப்பட்ட மருந்து என் அலமாரியில் அதிகம் இல்லை.

கை கால் வலிக்கிறது என்று நிறுத்துபவர்கள் நிறைய. லண்டனில் ஒரு ஆய்வு செய்தார்கள். பக்கவிளைவு என்று ஸ்டாட்டினை நிறுத்தியவர்களுக்கே ஒரு மாதம் உண்மையான மாத்திரை, ஒரு மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, ஒரு மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதத்தில் சொன்ன உபாதையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதத்திலும் வந்தது. வலி பொய் என்று அர்த்தமில்லை. காரணம் வேறாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். அதுபோல, ரத்தம் நீர்க்க ஆஸ்பிரினை நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம். இதய நோய் இல்லாதவர்களுக்கு அதனால் வரும் லாபத்தை ரத்தக்கசிவு தின்றுவிடுகிறது.

ஸ்டென்ட் (குறுகிய ரத்தக்குழாயை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவர்கள் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல், டிகாக்ரெலார் மாத்திரையை இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது. பல் பிடுங்க வேண்டும் என்று அவர்களாகவே நிறுத்துவதை இங்கே பார்க்கிறேன். ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஸ்டென்ட் ஒரு இடத்தைத்தான் விரித்து வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் உள்ள கட்டிகளுக்குக் காவல் மாத்திரையும் பழக்கமும்தான்.

காசு ஒரு காரணமென்றால் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. என் வியாபாரத்துக்கு எதிராகவே சொல்கிறேன்: பிபி, சர்க்கரை மாத்திரை அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

படி 9: அந்த நேரம் வந்தால்

நடு நெஞ்சில் கல்லை வைத்து அழுத்துவதுபோல, இறுக்கிப் பிடிப்பதுபோல இருக்கலாம். எரிச்சலாக மட்டும் இருக்கலாம். தாடை, தோள், இடது கை, மேல்வயிறு, முதுகு என்று பரவலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வாந்தி, என்னவென்று தெரியாத அசதி மட்டும் வரலாம். என் கடையில் இப்போது ஒரு விதி: நாற்பது வயசுக்கு மேல், நெஞ்சுக் கரிப்பு, கூடவே வேர்வை என்றால் கேஸ் மாத்திரை கிடையாது. கோலி சோடா, இஞ்சி, பூண்டு என்று வீட்டிலும் நேரத்தைக் கொல்லாதீர்கள். 108. வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போக வேண்டாம். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரியில் முதல் இசிஜி நார்மல் என்றதும் கிளம்பி வராதீர்கள். வலி இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும், சில மணி நேரம் விட்டு, இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இரண்டு யோசனைகள். வேகமாக இருமினால் இதயம் ஓடும் என்பது பொய். நாக்குக்கடியில் சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையை வைப்பது, டாக்டர் உங்களுக்கென்று எழுதிக்கொடுத்திருந்தால் மட்டும். பிபி ஏற்கெனவே இறங்கியிருந்தாலோ, ஆண்மைக்கான மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ அது ஆளைச் சாய்த்துவிடும். ஆஸ்பிரின் மெல்லலாமா என்பதை 108இல் பேசும்போதே கேளுங்கள். அலர்ஜியோ வயிற்றில் ரத்தக்கசிவோ இருந்தால் சொல்லிவிடுங்கள்.

ஆள் மயங்கி விழுந்து, மூச்சு இல்லை என்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்காதீர்கள். தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலே வரட்டும். கை சோர்ந்தால் ஆள் மாற்றுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, கூட இருப்பவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று. தொந்தரவு ஆரம்பித்த நேரத்தை உள்ளங்கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள். போனதும் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அது: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" உறைந்த ரத்தத்தைக் கரைக்க ஊசி போடலாமா, ஆஞ்சியோவுக்கு நேராகக் கொண்டுபோகலாமா என்ற முடிவுக்கு அந்த நேரம் தேவை, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. அன்றைக்கு என் கடைக்கு வந்தவருக்கு ஆரம்பித்தது சாயங்காலம் ஏழு மணிக்கு. மாத்திரை வாங்கியபோது பத்தேகால். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது விடியற்காலை நாலு.